த்ரெட் முடிந்ததை டீபக்கர் எப்படித் தெரிந்துகொள்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: த்ரெட் (ஒரு ப்ரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) முடிந்துவிட்டதை டீபக்கருக்கு (ஓடும் ப்ரோகிராமை நிறுத்தி ஆராயும் கருவிக்கு) யார் சொல்கிறார்கள்?

லினக்ஸில், இயங்குதளத்தின் மையமான கெர்னல்தான். பீட்ரேஸில் (ptrace, இன்னொரு ப்ரோகிராமைக் கண்காணிக்க உதவும் கெர்னல் அழைப்பு) குளோன் நிகழ்வை, அதாவது த்ரெட் பிறப்பதைச் சொல்லும் செய்தியை, கேட்டு வைத்தால், புதிதாகப் பிறக்கும் த்ரெட்டும் தானாகவே டீபக்கரின் பிடிக்குள் வந்துவிடும். அது முடிந்ததும் வெயிட்பிட் (waitpid, இத்தகைய செய்திகளுக்குக் காத்திருக்கும் அழைப்பு) சொல்லிவிடும். முடிவதற்குச் சற்று முன்பே நிறுத்திப் பார்க்க, ட்ரேஸ்எக்ஸிட் ஆப்ஷன் இருக்கிறது. அந்த நொடியில் ரெஜிஸ்டர்களை (செயலிக்குள் இருக்கும் மதிப்புகளை) படிக்கலாம். வெளியேறுவதைத் தடுக்க முடியாது.

கேள்வி: ஏற்கெனவே முடிந்த த்ரெட் எண் மறுபடி வருகிறது. பிழையா?

இல்லை. கெர்னல் எண்களை மறுபடி பயன்படுத்தும். எண்ணை மட்டும் நம்பி த்ரெட்டை அடையாளம் காணாதீர்கள். ஜிடிபி (GDB) என்ற டீபக்கர் தனக்கென்று தனி வரிசை எண் வைத்திருப்பது இதனால் நல்லது.

கேள்வி: விண்டோஸில்?

த்ரெட் வெளியேறும்போது தனி டீபக் நிகழ்வு வரும். கடைசி த்ரெட்டுக்கு மட்டும் அது வராது, ப்ராசஸ் முடிந்த நிகழ்வுதான் வரும். த்ரெட்களின் கணக்கு தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: லினக்ஸில் மெயின் த்ரெட் பீத்ரெட்_எக்ஸிட் (த்ரெட் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் அழைப்பு) போட்டு முடிந்துவிட்டது. வெயிட்பிட் வாயே திறக்கவில்லை.

நல்ல கேள்வி. மெயின் த்ரெட்தான் குழுவின் தலைவர். மற்ற த்ரெட்கள் எல்லாம் போகும்வரை தலைவரின் முடிவை வெயிட்பிட் சொல்லாது. அதுவரை தலைவர் ஸோம்பியாக (முடிந்தும் பட்டியலில் எண் நீங்காத நிலையில்) நிற்கும். ப்ராக் கோப்பில் (/proc, கெர்னல் த்ரெட்களின் நிலையைக் காட்டும் இடம்) அதன் நிலை ‘இசட்’ என்று இருக்கிறதா என்று டீபக்கரே போய்ப் பார்க்க வேண்டும்.

அவரே மீண்டும்: அப்படியானால் ‘இசட்’ பார்த்ததும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறந்துவிடலாமே?

நீக்கலாம், மறக்கக் கூடாது! வேறொரு த்ரெட் எக்ஸெக் (ஓடும் ப்ரோகிராமை வேறொன்றாக மாற்றும் அழைப்பு) அழைத்தால், அது தலைவரின் எண்ணை எடுத்துக்கொள்ளும். செத்த எண் உயிரோடு வந்து நிற்கும். அழைத்த த்ரெட்டின் பழைய எண்ணுக்கோ வெளியேறிய செய்தி வரவே வராது. பழைய எண் எது என்பதை, லினக்ஸ் 3.0 முதல், எக்ஸெக் நிகழ்வின்போது பீட்ரேஸின் கெட்ஈவென்ட்மெசேஜ் மூலம் கேட்டு வாங்கலாம். ஜிடிபியும் தலைவரை நீக்கிவிட்டு, இப்படி வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்கிறது.

இன்னொருவர்: எக்ஸெக் அழைப்பதெல்லாம் அபூர்வம், இதற்கு இவ்வளவு கோட் தேவையா?

தேவை. ஒரே ஒரு முறை நடந்தாலும், வராத செய்திக்காக டீபக்கர் காத்துக்கொண்டே இருக்கும். பயன்படுத்துபவர் தன் ப்ரோகிராம்தான் தொங்குகிறது என்று நினைத்து, இல்லாத தவறைத் தேடுவார்.

கேள்வி: பீட்ரேஸ் ‘ஈஎஸ்ஆர்சிஹெச்’ (ESRCH, ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பிழை) தருகிறது.

நிறுத்தி வைத்த த்ரெட்டையும் சிக்கில் (SIGKILL, கட்டாயமாகக் கொல்லும் சிக்னல்) எந்த நொடியிலும் கொண்டுபோய்விடும். இந்தப் பதிலை இயல்பான ஒன்றாகவே கையாளுங்கள்.

கேள்வி: ஜாவா த்ரெட்கள்?

என் துறை இல்லை. ஜேவிஎம்டிஐ-யின் (JVMTI, ஜாவா டீபக்கர்களுக்கான இடைமுகம்) த்ரெட்எண்ட் நிகழ்விலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: ஒரே எண் இரண்டு முறை முடிந்ததாகக் காட்டுகிறதே?

இரண்டாவது பதிலைப் படியுங்கள். எண்ணை நம்பாதீர்கள்.

கேள்வி: ஜிடிபியில் த்ரெட் வந்தது, போனது என்று திரை நிரம்புகிறது.

ஜிடிபியில் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்: செட் பிரிண்ட் த்ரெட்-ஈவென்ட்ஸ் ஆஃப்.

கேள்வி: பீத்ரெட்_டி (pthread_t, த்ரெட் நூலகம் தரும் அடையாளம்) மதிப்பை வைத்து அடையாளம் காணலாமா?

அதுவும் மறுபடி பயன்படும். கூடாது.