ராஸ் மீன் எங்கே தூங்கும்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் ராஸ் மீன்களைப் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். குவிந்துவிட்டன. படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. மீனை வாங்கியாகிவிட்டது, அது இரவில் எங்கே படுக்கும் என்று யாரும் விசாரிக்கவில்லை. கடையில் விலை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது அதைத்தான். ஒரு கூட்டம் மணலுக்குள் புதைந்து தூங்கும். இன்னொரு கூட்டம் பாறை இடுக்கில் தூங்கும். இது தெரிந்தால் தொட்டியை எப்படி அமைப்பது என்பதில் பாதி முடிவாகிவிடும்.

திருச்சியிலிருந்து: அக்கா, உயிருள்ள பவளம் வைத்த நாலடி ரீஃப் தொட்டி ஓட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. பவளத்தைக் கொத்தாத, நல்ல கலரான ராஸ் எது?

ராஸ் குடும்பத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. விரல் நீளத்தில் இருக்கும் ஃபிளாஷரும் அதில் சேர்த்தி, இரண்டு மீட்டர் வரை வளரும் நெப்போலியனும் அதில் சேர்த்திதான். அதனால் "ராஸ்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். உங்கள் தொட்டிக்கு ஃபேரி ராஸ், ஃபிளாஷர் ராஸ் இரண்டும் பொருந்தும். தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைத்தான் இவை தின்னும், பவளத்தின் பக்கமே போகாது.

எனக்கு மெக்காஸ்கர் ஃபிளாஷர் மேல் தனிப் பிரியம். எட்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஒரு ஆணோடு இரண்டு பெண்களை விட்டுப் பாருங்கள். சாயங்காலம் விளக்கு மங்கத் தொடங்கும்போது ஆண் எல்லாத் துடுப்பையும் விரித்துக்கொண்டு பெண்களுக்குக் குறுக்கே பாயும். ஒரு நொடி, இரண்டு நொடி. உடம்பில் யாரோ சுவிட்சைப் போட்டது போல நிறம் ஏறி அணையும். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அப்போது புரியும். பெண் இல்லாமல் தனியாக வைத்தால் இந்த ஆட்டம் குறைந்துவிடும், நாளடைவில் நிறமும் மங்கும். கலர் போய்விட்டது என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் இதுதான் பதில்.

சென்னையிலிருந்து: மெலனூரஸ் ராஸ் வாங்கி விட்டேன். பத்து நிமிடத்தில் மணலுக்குள் போனது, மூன்று நாளாகக் காணோம். செத்துவிட்டதா? தோண்டிப் பார்க்கலாமா?

தோண்டவே தோண்டாதீர்கள். மெலனூரஸ் ஹாலிகோரஸ் வகையைச் சேர்ந்தது, அந்த வகை எல்லாமே மணலில் படுப்பவை. பயந்தாலும் மணலுக்குள்தான் ஓடும். நம் ஊருக்கு வரும் மெலனூரஸ் பெரும்பாலும் இந்தோனேசியாப் பக்கத்து மீன். பாலித் தீவில் பொழுது நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. புதிதாக வந்த மீன் அந்தக் கணக்கிலேயே விடியற்காலையில் எழுந்து, நீங்கள் வேலை முடிந்து வீடு திரும்புவதற்குள் படுத்துவிடும். என் முதல் மீனை ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்குத்தான் பார்த்தேன். மணல் லேசாகத் துடித்தது, முதலில் ஒரு கண் மட்டும் வெளியே வந்தது. அரை நிமிடம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முழு மீனும் எழுந்து வந்தது. நாளைக்கு அறை விளக்கை மட்டும் போட்டு, சீக்கிரம் எழுந்து பாருங்கள். மீன் செத்து அழுகினால் தண்ணீரில் அம்மோனியா ஏறும், அதையும் சோதித்துக்கொண்டே இருங்கள். அது ஏறாமல் இருந்தால் நம்பிக்கையோடு காத்திருக்கலாம்.

மணல் பொடியாக, சர்க்கரை போல இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். பவளச் சில்லு போட்டிருந்தால் தலைகீழாகப் பாயும்போது வாய் கிழிந்துவிடும். மணலே இல்லாத தொட்டி என்றால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மணல் நிரப்பி மூலையில் வையுங்கள். இரண்டே நாளில் அதுதான் தன் படுக்கை என்று கண்டுபிடித்துவிடும். புது மீனைத் தனியாக வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியிலும் இந்த டப்பா கட்டாயம் வேண்டும். லெப்பர்ட் ராஸுக்கும் இதே கதைதான். ஆனால் அது சாப்பாட்டு விஷயத்தில் இன்னும் நாசூக்கு. பாறையில் ஊரும் குட்டி உயிர்களை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும் மீன் அது. தொட்டிக்கு ஒரு வயதாவது ஆகாமல் வாங்க வேண்டாம்.

கொழும்பிலிருந்து: அக்கா, சாமத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபேரி ராஸைச் சுற்றி ஜவ்வு மாதிரி ஒன்று மூடியிருக்கிறது. ஏதும் நோயா?

பயப்படாதீங்கோ, தம்பி. அது போர்வை. பாறை இடுக்கில் படுக்கும் ராஸ்கள் தம் உடம்பிலிருந்தே வழவழப்பான ஒரு கூட்டை உண்டாக்கி அதற்குள் தூங்கும். இவற்றின் நெருங்கிய உறவான கிளிமீனிலும் இதே வழக்கம் உண்டு. கிளிமீனின் கூட்டை எடுத்துவிட்டால் இரவில் இரத்தம் குடிக்கும் சிறு ஒட்டுண்ணிகள் அதிகம் ஏறுகின்றன என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. கொசுவலை கட்டிக்கொண்டு தூங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தண்ணீரில் மிதக்கும் நூல் நூலான கசடு அந்தக் கூட்டின் மிச்சம்தான். டார்ச்சை அணைத்துவிட்டு நீங்களும் போய்ப் படுங்கள்; திடுக்கிட்டு எழுந்தால் துள்ளிவிடும்.

மதுரையிலிருந்து: தொட்டிக்கு மூடி அவசியமா? தண்ணீர் மட்டத்தை நான்கு அங்குலம் இறக்கி வைத்திருக்கிறேன்.

நான்கு அங்குலம் போதாது. ராஸுக்கு மூடி இல்லாத தொட்டி ஆகவே ஆகாது. என் ஃபேரி ஆண் போன விதத்தைச் சொல்கிறேன். வலை போட்டிருந்தேன். மின்கம்பி உள்ளே போக மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிவிட்டிருந்தேன். இரவு ஏதோ துரத்தல் போலிருக்கிறது, அந்த ஓட்டை வழியாகவே வெளியே போயிருக்கிறது. காலையில் பெருக்கும்போது சோபாவுக்குப் பின்னால், காய்ந்த மிளகாய் நிறத்தில் சுருண்டு கிடந்தது. இப்போதும் அந்த மூலையைப் பார்க்காமல் நான் விளக்கை அணைப்பதில்லை. ஆறு மில்லிமீட்டர் கண் உள்ள, நிறமில்லாத நைலான் வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். கண்ணாடி மூடி வேண்டாம், நம் வெயிலுக்குச் சூடு உள்ளேயே தங்கிவிடும். கம்பி போகும் இடம், தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃபுளோ பெட்டி இரண்டையும் மறக்காமல் அடையுங்கள்.

கோவையிலிருந்து: கடையில் சிவப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகளோடு குட்டி மீன் ஒன்று பார்த்தேன். கோரிஸ் என்றார்கள். அவ்வளவு அழகு. வாங்கலாமா?

வேண்டாம். அது குட்டிச் சட்டை. வளர வளர அந்தச் சிவப்பும் வெள்ளையும் போய், நீலப் புள்ளிகளோடு 40 சென்டிமீட்டர் வரை நீளும். இறால், நத்தை, நண்டு எதையும் மிச்சம் வைக்காது. கல்லைப் புரட்டிப் போட்டுத் தேடும். அந்தக் குட்டி கடலில் வளர வேண்டியது.

சேலத்திலிருந்து: வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கிளீனர் ராஸ் விட்டால் சரியாகுமா?

ஆகாது. வெள்ளைப்புள்ளிக் கிருமி மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும், கிளீனரால் அதைப் பிடுங்க முடியாது. கிளீனர் கடலில் தன் இடத்துக்கு வரிசையாக வரும் மீன்களிடம் ஒட்டுண்ணி பொறுக்கிப் பிழைப்பது. நம் தொட்டியில் இருக்கும் ஏழெட்டு மீனை வைத்து அதற்கு வயிறு நிறையாது. பெரும்பாலானவை மெலிந்தே சாகின்றன. கண்ணாடியில் தெரிவது தன் உருவம்தான் என்று உணர்வது போல அது நடந்துகொண்டதாக 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். அப்படிப்பட்ட மீனை மருந்து போல வாங்குவது எனக்கு மனசு ஒப்பவில்லை. நோய் வந்த மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை கொடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: கடல் பக்கத்திலேயே இருக்கிறோம். பவளக் கல் நாமே எடுத்து வந்தால் செலவு மிச்சம்தானே?

ஒரு துண்டு கூட எடுக்காதீர்கள். செத்த பவளமாக இருந்தாலும் சரி. கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே அந்தப் பவளத்தை நாம் நிறைய இழந்திருக்கிறோம். செயற்கையாக வார்த்த ரீஃப் கற்கள் கிடைக்கின்றன. கொஞ்ச நாளில் அவற்றிலும் உயிர் ஏறிவிடும்.

திருநெல்வேலியிலிருந்து: சிக்ஸ் லைன் ராஸ் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக விட்ட ஃபேரியை மூலையில் தள்ளி அடிக்கிறது.

வரிசை மாறிப்போயிற்று. சிக்ஸ் லைனைக் கடைசியாகத்தான் விட வேண்டும். தட்டைப்புழுவையும் பூச்சி நத்தையையும் தின்னும், நல்ல மீன்தான். ஆனால் முதலில் வந்தால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும். ஃபேரியை ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு தொட்டிக்குள்ளேயே ஒரு வாரம் தொங்கவிடுங்கள். ஒன்றையொன்று பார்த்துப் பழகும். அதற்கும் அடங்கவில்லையென்றால் சிக்ஸ் லைனைப் பிடித்து வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் எல்லோருக்குமாக ஒன்று: ஒரே இனத்தில் இரண்டு ஆண் வாங்காதீர்கள். பெண்களாகவே இரண்டு மூன்று வாங்குங்கள். ராஸ்களில் பெண்தான் ஆணாக மாறும். கூட்டத்தில் பெரியது எதுவோ அது சில வாரங்களில் நிறம் மாறத் தொடங்கும். அந்த மாற்றத்தை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது பெரிய கொடுப்பினை.

பெங்களூரிலிருந்து: மாலத்தீவின் ரோஸ் வெயில்டு ஃபேரிதான் என் கனவு மீன். முதல் ராஸாக அதையே வாங்கலாமா?

கனவு எனக்கும் புரிகிறது. அந்த இளஞ்சிவப்பு வேறு எதற்கும் வராது. பல வருடங்கள் அதை மாலத்தீவுக்குத் தெற்கே உள்ள சாகோஸ் தீவுகளின் வேறொரு ஃபேரி என்றே நினைத்திருந்தார்கள். 2022இல்தான் தனி இனம் என்று முடிவானது. பெயர் சூட்டியவர்களில் மாலத்தீவின் அஹ்மத் நஜீபும் ஒருவர். ஒரு மாலத்தீவு ஆய்வாளர் முறைப்படி விவரித்த முதல் மீன் இதுதான். திவேஹி மொழியில் ரோஜாவுக்கு ஃபினிஃபென்மா என்று பெயர், அதையே வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயர் கிடைப்பதற்கு முன்பே மீன் அலங்கார வியாபாரத்துக்கு வந்துவிட்டது.

அது வாழ்வது 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில். அங்கிருந்து மேலே கொண்டுவருவதே மீனுக்குப் பெரிய பாடு. வந்து சேர்ந்த பிறகு மங்கிய வெளிச்சமும் குறையாத கவனிப்பும் வேண்டும். முதல் ராஸாக வேண்டாம். மெக்காஸ்கர் ஒரு ஜோடி வாங்கி, 25, 26 டிகிரி தாண்டாமல், நாளைக்கு இரண்டு மூன்று வேளை மைசிஸ் இறாலோ ஆர்ட்டீமியா என்ற குட்டி இறாலோ கொடுத்து, ஒரு கோடை தாண்டுங்கள். தாண்டியதும் எனக்கு எழுதுங்கள். என்ன கேட்டு வாங்குவது, பெட்டியைத் திறந்ததும் முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வது என்று நாம் உட்கார்ந்து பேசலாம்.