பாட்டு டீச்சர் பதில்கள்

கேள்வி: இந்துஸ்தானிப் பாடகி கங்குபாய் ஹங்கலின் சுயசரிதையை நூலகத்தில் பார்த்தேன். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. படித்தால் புரியுமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாக எடுங்கள். ராகம் தெரிந்தவர்கள்தான் இந்த மாதிரிப் புத்தகத்தைக் கோட்டை விடுவார்கள். யாரிடம் என்ன ராகம் கற்றார் என்று பென்சிலில் குறித்துக்கொண்டு மிச்சத்தைப் புரட்டிவிடுவார்கள். விஷயமே மிச்சத்தில்தான் இருக்கிறது.

கங்குபாய் 1913இல் தார்வாடில் பிறந்தவர். அம்மா அம்பாபாய் நம் கர்நாடக சங்கீதம் பாடியவர். மகள் இந்துஸ்தானி கற்க ஆரம்பித்ததும், பிள்ளையின் காதில் இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று தன் பாட்டையே நிறுத்திக்கொண்டார். நன்றாகப் பாடத் தெரிந்த ஒருத்தி, வீட்டுக்குள் வாயைத் திறக்காமல் வளைய வந்திருக்கிறார்! எனக்கெல்லாம் முணுமுணுக்காமல் ரசம்கூடக் கொதிக்காது. பாட்டு வகுப்புக்குப் போகும் சிறுமியைத் தெருவே கேலி செய்த காலம் அது. 1924இல் பெல்காம் காங்கிரஸ் மாநாட்டில் காந்தி முன்னால் பாடியதும் அதே சிறுமிதான்.

அப்புறம் அந்த ரயில். குரு சவாய் கந்தர்வர் இருந்தது குந்த்கோலில், இவர் இருந்தது ஹூப்ளியில். பாடத்துக்குப் போக வர ரயில்தான். நம் பக்கம் என்றால், ஈரோட்டில் ஏறிக் கொடுமுடியில் இறங்கிப் பாடம் கேட்டுவிட்டு, திரும்பி வந்து உலை வைப்பது மாதிரி. அதற்குள் பிள்ளைகளுக்கும் தாயாகியிருந்தார். டான்சில் சிகிச்சைக்குப் பிறகு குரல் வேறு தடித்துப்போனது. ஆண் பாடுகிறார் என்றே நினைப்பீர்கள். அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் 2002இல் பத்ம விபூஷண் வரை போனார். நாலு அத்தியாயம் படித்ததும் யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். ராகத்தின் பெயரைப் பார்க்கவே வேண்டாம்.

கேள்வி: சங்கீதம் என்றால் தஞ்சாவூர்தானா? கொங்கு நாட்டில் யாருமே இல்லையா?
– வாசகர், அந்தியூர்

பதில்: ஏனுங்க இல்லாமல்? புல்லாங்குழலுக்குப் பல்லடம் சஞ்சீவ ராவ், பாட்டுக்கும் நாடகத்துக்கும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். மொடக்குறிச்சிப் பக்கம் பிறந்த பெரியசாமித் தூரன் தமிழில் கலைக்களஞ்சியமும் தொகுத்தார், கீர்த்தனையும் எழுதினார். கச்சேரியில் ‘முருகா முருகா’ கேட்டால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அப்பாரு நாகஸ்வரக்காரர். அவர் கதையை எழுத ஆசை. அவருக்கு எழுத வராது, நான் கல்லூரியில் படிக்கிறேன். எப்படி ஆரம்பிப்பது?
– வாசகர், காங்கேயம்

பதில்: எழுத வராவிட்டால் என்ன கண்ணு, பேச வருமல்லவா? கங்குபாயின் புத்தகமே அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியதுதான்.

“உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “என்னத்தைச் சொல்றது” என்று வெற்றிலையை எடுத்துவிடுவார். வாத்தியத்தை மடியில் கொடுங்கள். கயிற்றில் தொங்கும் சீவாளியை, அதுதான் வாயில் வைத்து ஊதும் துண்டை, காட்டி, இது எங்கே வாங்கியது, எந்தப் பதத்தில் வாயில் பொருந்தும், நடுக் கச்சேரியில் மக்கர் பண்ணினால் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சீவாளி பற்றிப் பேச ஆரம்பித்த நாகஸ்வரக்காரரை நிறுத்துவதுதான் கஷ்டம். கூட வாசித்த தவில்காரர் யார், நோம்பிக்கு எந்த ஊருக்குக் கால்நடையாகப் போனார், பந்தியில் எங்கே உட்கார வைத்தார்கள், பேசின கூலியை யார் குறைத்தார்கள் எல்லாம் தானாக வரும். கூலி குறைத்தவரின் பெயரைப் போடலாமா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் அந்த ஊரில் இன்னும் நடமாட வேண்டும்.

செல்போனில் பதிவு செய்யுங்கள், மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். எழுதும்போது அவருடைய ‘ஒறம்பரை’யை ‘உறவினர்’ ஆக்கினால் நான் சும்மா இருக்க மாட்டேன். முதல் பத்துப் பக்கம் ஆனதும் எனக்கு அனுப்புங்கள்.