நெடி அடிக்கும்போதே நோட்டை எடுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

பக்கத்து ஆலையிலிருந்து ராத்திரியில் தொண்டையைக் கமறவைக்கும் நெடி வருகிறது. புகார் கொடுத்தால் அதிகாரிகள் மறுநாள் பகலில் வந்து பார்த்து, "ஒன்றும் இல்லையே" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். என்ன செய்வது?

பகலில் வெயில் தரையைச் சூடாக்குவதால் காற்று மேலெழுந்து புகையைக் கலைத்துவிடும். இரவில் தரை குளிர்ந்ததும் அதை ஒட்டிய காற்று மேலே போகாமல் தங்கிவிடும்; அதோடு நெடியும் தங்கும். பகலில் செய்த ஆய்வு இரவு நிலைமையைச் சொல்லாது என்பதை, இந்தக் காரணத்தோடு மனுவிலேயே எழுதுங்கள்.

அதைவிட முக்கியம், நெடிப் பதிவேடு. பத்து வீடுகளாவது ஒரே மாதிரிக் கட்டம் போட்ட நோட்டில், குறைந்தது ஒரு மாதம் எழுத வேண்டும்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடம், எந்த மாதிரி நெடி (அழுகிய முட்டை, பெயிண்ட், எரிந்த பிளாஸ்டிக்), கடுமை, காற்றின் திசை, உடம்புக்கு என்ன செய்தது, எழுதியவர் கையெழுத்து. கடுமைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். 1 என்றால் லேசாகத் தெரிகிறது, 3 என்றால் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது, 5 என்றால் வீட்டில் இருக்கவே முடியவில்லை என்று முதல் நாளே எல்லோரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு வீட்டு 2 இன்னொரு வீட்டு 4 ஆகிவிடும்.

இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். காற்று எங்கிருந்து வருகிறதோ அதுதான் அதன் திசை. சிலர் அது போகும் திசையை எழுதி எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடுகிறார்கள். மாடியில் ஒரு கம்பு நட்டுத் துணி நாடா கட்டினால் போதும். அடுத்தது, நெடி இல்லாத நாளில் நோட்டைத் தொடாமல் விடுவது. அன்றும் திசையை எழுதி 0 போடுங்கள். ஆலைப் பக்கமிருந்து காற்று அடித்தால் 4, எதிர்ப்பக்கமிருந்து அடித்தால் 0 என்று ஒரு மாதம் வரிசையாக நின்றால், அதை மறுத்துப் பேசுவது கடினம்.

அழுகிய முட்டை நெடி என்றால் கவனம். அது ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம். அளவு மிக அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நெடியே தெரியாது. கடுமையாக அடித்துச் சட்டென்று நின்றுவிட்டால், நோட்டை வைத்துவிட்டு எல்லோரையும் அங்கிருந்து கிளப்புங்கள்.

காற்றையே பிடித்துச் சோதிக்க எங்களால் முடியுமா?

முடியும். 1995-இல் கலிபோர்னியாவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகையால் பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய எட்வர்ட் மேஸ்ரி என்ற வழக்கறிஞர், சாதாரண மக்கள் கையாளக்கூடிய ஒரு கருவியைச் செய்ய வைத்தார். சுமார் 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, காற்றுப் புகாத மூடி, உள்ளே டெட்லார் என்ற, வாயு எளிதில் கசியாத பிளாஸ்டிக்கால் ஆன பை, வெளியே நீளும் குழாய், வால்வு, சின்ன வெற்றிடப் பம்பு. இவ்வளவுதான். பம்பு உறிஞ்சுவது பையிலிருந்து அல்ல, வாளிக்கும் பைக்கும் நடுவே இருக்கும் காற்றை. அங்கே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தானாகப் பைக்குள் வரும். பைக்குள் வரும் காற்று பம்பைத் தொடாததால் பம்பின் எண்ணெய், ரப்பர் எதுவும் அதில் கலக்காது.

வாளி வாங்குமுன் ஆய்வகத்தோடு பேசுங்கள். எந்தெந்தச் சேர்மங்களைப் பார்ப்பார்கள், எவ்வளவு குறைந்த அளவு வரை கண்டுபிடிப்பார்கள் என்று கேளுங்கள். கந்தகச் சேர்மங்கள் பைக்குள் வேகமாகச் சிதைவதால் 24 மணி நேரத்துக்குள்ளும், மற்றவை 72 மணி நேரத்துக்குள்ளும் சோதனைக்குப் போய்விட வேண்டும். பையில் வெயில் படக்கூடாது. மார்க்கர் பேனா, பெட்ரோல் பட்ட கை, பக்கத்தில் ஓடும் வண்டி, சிகரெட் எல்லாமே முடிவைக் கெடுக்கும். ஆலைக்கு எதிர்ப்பக்கம், காற்று வரும் திசையில், அதே நேரத்தில் இன்னொரு பை நிரப்புங்கள். ஒப்பிட அது இல்லாமல் பாதி வேலைதான். பை யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போனது என்ற கைமாற்றுத் தாள் கூடவே போக வேண்டும்.

பையில் இருப்பது சில நிமிடக் காற்று மட்டுமே. அதை ஆண்டு சராசரி வரம்போடு ஒப்பிட்டு நோட்டீஸ் அடிக்காதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

கிணற்று நீரை சோடா பாட்டிலில் கொண்டுபோனோம். ஆய்வகம் வாங்க மறுத்துவிட்டது.

சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். சோதனைக்குச் சோதனை பாட்டில் வேறு. உலோகங்களுக்கு, நைட்ரிக் அமிலம் இட்டு நீரின் பி.எச். அளவை 2-க்குக் கீழே, அதாவது நல்ல அமிலமாக, வைக்கும் பாட்டில். கிருமிகளுக்கு, கிருமி நீக்கிய பாட்டில். ஐஸ் பெட்டியில் வைத்து சில மணி நேரத்தில் சேர்க்க வேண்டும். பெட்ரோல் வகை ஆவிகளுக்கு, ஒரு குமிழி கூட இல்லாமல் நிரப்பிய சிறு கண்ணாடிக் குப்பி. பாட்டில்களை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

வீடு வீடாக நோய்க் கணக்கெடுப்பு நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். 1978-இல் நியூயார்க் மாநிலத்தின் லவ் கேனால் பகுதியில், ரசாயனக் கழிவு புதைத்த இடத்தைச் சுற்றி லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசியும் அக்கம்பக்கத்தாரும் கணக்கெடுத்தார்கள். நோய்களை வரைபடத்தில் குறித்தபோது, எப்போதோ மூடப்பட்ட பழைய நீரோடைத் தடங்களை ஒட்டியே அவை குவிந்திருந்தன. அரசுத் தரப்பு முதலில் அதை ஒதுக்கித் தள்ளியது. கடைசியில் குடும்பங்களை வெளியேற்றியது. ஆகவே பழைய வரைபடங்களைத் தேடுங்கள். நோயில்லாத வீட்டையும் பதியுங்கள். பெயர் ஒரு தாளில், நோய் விவரம் இன்னொரு தாளில், இரண்டையும் இணைக்கும் எண் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அம்பலமாகிவிடும் என்ற பயம் வந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

"ஏழைகள் பக்கமாகப் பார்த்துத்தான் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்" என்றால் தற்செயல் என்கிறார்கள்.

அனுமதி பெற்ற நச்சுக் கழிவுக் கிடங்குகளின் முழுப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். மக்கள்தொகைக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 1982-இல் வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில் பி.சி.பி. என்ற ரசாயன நஞ்சு கலந்த மண்ணைக் கொட்டுவதை எதிர்த்து 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கிடங்கைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து 1983-இல் வந்த அமெரிக்க அரசின் தணிக்கை அறிக்கை, அந்த வட்டாரத்தின் 8 மாநிலங்களில் இருந்த அத்தகைய 4 கிடங்குகளில் 3, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் இருந்ததைக் காட்டியது. அதற்குப் பிறகு "தற்செயல்" என்ற பேச்சு அவ்வளவு எளிதாக எடுபடவில்லை.

முதல் கூட்டத்துக்கு அறுபது பேர். மூன்றாவது மாதம் ஆறு பேர்.

கோபத்தில் வந்தவர்களுக்கு வேலை கொடுக்காததுதான் பெரும்பாலும் காரணம். பத்து வீட்டுக்கு ஒருவர் பொறுப்பு. கூட்டத்துக்கு முந்தின நாள் அவர் நேரில் போய்க் கூப்பிட வேண்டும். போனில் செய்தி அனுப்புவது அதற்கு ஈடாகாது. கூட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதாமல் கலையாதீர்கள். வேலையும் சின்னதாக இருக்கட்டும்: ஒருவர் நாடா கட்டட்டும், ஒருவர் நோட்டுகளைச் சேர்க்கட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போடுங்கள், இல்லாவிட்டால் நெடியோடு வீட்டில் கிடக்கும் பெண்கள் வரமுடியாது.

ஆலை நிர்வாகம் எங்கள் தலைவரை மட்டும் பேச்சுக்கு அழைக்கிறது. போகலாமா?

தனியாகப் போகவேண்டாம். மூன்று பேராவது போகட்டும், ஒருவர் குறிப்பெடுக்கட்டும். என்ன கேட்பது, எதில் இறங்கிவரக் கூடாது என்பதைக் கூட்டத்தில் முடிவு செய்துகொண்டு போங்கள். அங்கேயே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். குறிப்பாக, சோதனை முடிவுகளை வெளியே சொல்லமாட்டோம் என்ற நிபந்தனை எந்தத் தாளிலாவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பேசியதை அன்றே எழுதி நிர்வாகத்துக்கு ஒரு பிரதி அனுப்பி, ஒப்புகை வாங்கி வையுங்கள்.