காட்டில் பெயர் தெரியாத ஒரு மரத்தைப் பார்த்தால் அது புதிய இனம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்ளலாமா?

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் பெயரை நீங்களே வைக்கக் கூடாது என்று தாவரப் பெயரிடல் விதிகளில் தடை எதுவும் இல்லை. ஆனால் யாரும் வைப்பதில்லை, வைத்தால் துறையில் சிரிப்பார்கள். வேறொருவர் உங்கள் பெயரை வைத்தால் அது கௌரவம். ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் அது புதியதுதான் என்று நிரூபிக்க வேண்டுமே, அங்கேதான் வருஷக்கணக்கில் இழுக்கும்.

நானே ஒருமுறை "புதிய மரம்" கண்டுபிடித்தவன். முதுகலைத் தாவரவியல் படித்த காலம், குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஓடைக்கரையில் ஆள் உயரத்துக்கு ஒரு கன்று, இலை ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் இறகு மாதிரி ஆழமாகப் பிளந்திருந்தது. அப்படி இலையுள்ள மரத்தை நான் பார்த்ததே இல்லை. மதராஸ் மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் எழுதிய தொகுதிகளை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மண்டையை உடைத்தேன், அதில் எந்தப் பக்கம் போனாலும் பூவைக் கேட்கிறது, சூல்பையைக் கேட்கிறது, காயைக் கேட்கிறது, என் கையில் இருந்ததோ வெறும் இலை. கடைசியில் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். காம்பை விரலால் தடவிப் பார்த்தார். "கிள்ளினா பால் வந்துச்சா?" என்றார். "வந்துச்சு சார்." "அயனிப்பா இது. கன்னுல இலை இப்படித்தான் பிளந்து கெடக்கும், பெருசானா பிளவு போயிரும். உங்க ஊர்ல அயனி கெடையாதா?"

எங்கள் பாட்டி வீட்டு வாசல் கதவே அயனிப் பலகைதான். லமார்க் என்ற பிரெஞ்சு அறிஞர் 1789லேயே பெயர் வைத்துவிட்ட மரம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், "இது புதுசா?" என்று நேரடியாகச் சோதிக்க எந்தக் கருவியும் கிடையாது. "இதற்கு ஏற்கெனவே யாராவது பெயர் வைத்திருக்கிறார்களா?" என்ற கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டு, இல்லை, இல்லை என்று கழித்துக்கொண்டே வர வேண்டும். தாவரங்களுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் 1753ஆம் வருஷப் புத்தகத்திலிருந்து கணக்கு தொடங்குகிறது. பழைய விவரிப்புகள் பல நாலைந்து வரி லத்தீன்தான், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அதனால் அந்தப் பெயர் எந்தக் காய்ந்த மாதிரியின் மேல் வைக்கப்பட்டதோ, அதை ஒட்டி வைத்த தாளையே ஏதாவது ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது காய்ந்த தாவர மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடத்தில், தேடிப் பார்க்க வேண்டும். இப்போது நிறைய தாள்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் கிடைக்கின்றன, முன்பெல்லாம் கடிதம் எழுதி இரவல் வாங்குவார்கள், இல்லாவிட்டால் நேரிலேயே போவார்கள்.

மரம் என்றால் தொல்லை இன்னும் கூடுதல். செடியைக் குனிந்து பார்த்துவிடலாம், மரத்தின் பூ முப்பது மீட்டர் உயரத்தில், வருஷத்தில் சில வாரம் மட்டும் இருக்கும். நீங்கள் போகிற நாளில் இருக்காது. பூ இல்லாதபோது பட்டையை லேசாகச் சீவி நிறத்தையும் வாடையையும் பார்ப்பார்கள், பால் வருகிறதா பிசின் வருகிறதா, இலை எதிரெதிராக இருக்கிறதா மாறி மாறியா, வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளி தெரிகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். நெருங்கிய இனங்கள் சேர்ந்தது பேரினம், நெருங்கிய பேரினங்கள் சேர்ந்தது குடும்பம். அனுபவசாலிகள் இதை வைத்தே எந்தக் குடும்பம் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஒரு கில்லாடியே திணறிய கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பெருவில் ஆண்டிஸ் மலை அமேசான் காட்டில் இறங்கும் இடத்தில் மானு தேசியப் பூங்கா இருக்கிறது. 1973இல் ராபின் ஃபாஸ்டர் என்ற தாவரவியலாளர் அங்கே நடந்துபோகும்போது சுமார் 20 அடி உயர மரம் ஒன்றைப் பார்க்கிறார். காகித விளக்கைச் சின்னதாகச் செய்து தொங்கவிட்டது போல ஆரஞ்சு நிறக் காய்கள். ஒரு பார்வையிலேயே குடும்பத்தைச் சொல்லிவிடக்கூடிய மனுஷன் அவர், ஆனால் இதில் ஒரு அம்சம் ஒரு குடும்பத்தைக் காட்டுகிறது, இன்னொன்று வேறு குடும்பத்தைக் காட்டுகிறது. சரி என்று கிளையை வெட்டி, காயவைத்து, தாளில் ஒட்டி வைத்தாயிற்று. அப்புறம் பார்த்தவர்கள் எல்லோரும் கையை விரித்தார்கள். எந்த இனம் என்று தெரியாமல் ஒரு மாதிரி கிடப்பது சகஜம். எந்தப் பேரினம் என்று தெரியாமல் கிடப்பதும் உண்டு. குடும்பமே தெரியாமல் பல பத்தாண்டு கிடப்பது அபூர்வம்.

சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் வேலை செய்த நான்சி ஹென்சோல்ட் 1990 வாக்கில் இந்தத் தாளைப் பார்த்துவிட்டு அதை விடவே இல்லை. காய்ந்த மாதிரியிலிருந்து டிஎன்ஏ எடுக்கப் பார்த்தார்கள், சரியாக வரவில்லை. மானுவில் பல வருஷமாகக் காட்டைக் கண்காணித்து வந்த பட்ரீசியா ஆல்வரெஸ்-லோய்சாவிடம் புது மாதிரி கேட்டார்கள், அவர் தேடிக் கண்டுபிடித்து அனுப்பினார். அதன் டிஎன்ஏ பிக்ரம்னியேசியே என்ற சின்னக் குடும்பத்தைக் கைகாட்டியபோது ஹென்சோல்ட் நம்பவில்லை, மாதிரியில் ஏதோ கலந்துவிட்டது என்றாராம். அந்தக் குடும்பத்தின் நிபுணரான நியூயார்க் தாவரவியல் பூங்காவின் வெய்ட் தாமஸுக்குப் பார்சல் போனது. பிரித்துப் பார்த்த அவருக்கும் முதலில் ஒன்றும் பொருந்தவில்லை. பிறகு 2, 3 மில்லிமீட்டர் மட்டுமே இருக்கும் பூவை உருப்பெருக்கியில் வைத்து நிதானமாகப் பார்த்தபோதுதான் எல்லாம் சரியாக உட்கார்ந்தது. 2021இல் கட்டுரை வந்தது. இனம் மட்டுமல்ல, பேரினமே புதியது. பெயர் ஏனிக்மானு ஆல்வரேஸியே. முதல் பாதிக்கு "மானுவின் புதிர்" என்று பொருள், இரண்டாவது பாதி மாதிரி தேடிக் கொடுத்த அந்த அம்மையாருக்கு. பெண்ணின் பெயரை வைத்தால் கடைசியில் இப்படி "யே" என்று முடிப்பது லத்தீன் இலக்கண வழக்கம். 1973இல் வெட்டிய கிளைக்கு 48 வருஷம் கழித்துப் பெயர் கிடைத்தது.

"டிஎன்ஏ எடுத்தால் ஒரே நாளில் தெரிந்துவிடாதா?" என்று கேட்பவர்கள் இந்தக் கதையைத்தான் கவனிக்க வேண்டும். டிஎன்ஏ சொந்தக்காரர் யார் என்று சொல்லும், அதுவும் ஒப்பிடுவதற்கு மற்றவற்றின் டிஎன்ஏ கையில் இருந்தால்தான். அந்தச் சொந்தங்களிலிருந்து இது எதில் வேறுபடுகிறது என்பதைப் பூவையும் காயையும் பார்த்துத்தான் எழுத முடியும்.

இப்படித் தாளில் தூங்குவது ஒரு மரத்தின் கதை மட்டும் இல்லை. 2010இல் வந்த ஆய்வு ஒன்று, பூக்கும் தாவரங்களில் புதிய இனங்களாக விவரிக்கப்பட்டவற்றில் 16 சதவீதம்தான் முதலில் சேகரித்த ஐந்து வருஷத்துக்குள் பெயர் பெற்றன என்று கணக்கிட்டது. கிட்டத்தட்ட கால்வாசிக்கு, 50 வருஷத்துக்கு மேல் பழைய மாதிரிகள் தேவைப்பட்டன. ஹெர்பேரியம் பக்கம் போயிருந்தால் உங்களுக்கே தெரியும், பூச்சிமருந்து வாடை அடிக்கும் இரும்பு அலமாரிகளில் ஒவ்வொரு கட்டின் அடியிலும் "இனம் தெரியவில்லை" என்று எழுதிய உறை ஒன்று இருக்கும். காட்டுக்குப் போகிற ஆர்வம் எல்லோருக்கும் உண்டு, அந்த உறையைப் பிரிக்கத்தான் ஆள் இல்லை.

"புதுசு" என்ற சொல்லிலும் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. பிரேசிலின் எஸ்பிரித்து சாந்து மாநிலத்தில் 2017இல் விவரிக்கப்பட்ட டினீசியா மரம் 40 மீட்டர் வரை வளரும். அந்தப் பேரினத்தில் ஒரே ஒரு இனம்தான் உண்டு என்று ஏறக்குறைய நூறு வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய மரத்தை உள்ளூர்க்காரர்கள் பார்க்காமலா இருப்பார்கள்? காய் வெட்டுக்கத்தி மாதிரி இருப்பதால் ஜுவெய்ரானா-ஃபக்காவுன் என்று ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, ஆய்வாளர்கள் அந்தப் பெயரையே அறிவியல் பெயரிலும் வைத்தார்கள். விவரித்த நேரத்தில் தெரிந்திருந்தது சுமார் 25 மரங்கள் மட்டும்தான்.

சரி, எல்லாம் கழித்தாயிற்று, பெயர் இல்லை என்று ஆகிவிட்டது, அடுத்து என்ன? ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப் என்று குறித்து, அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். நாளைக்கு இது வேறு இனம்தானா என்று சண்டை வந்தால் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்ப்பது அந்தத் தாளைத்தான். விவரிப்பையோ, நெருங்கிய உறவிலிருந்து எதில் மாறுபடுகிறது என்ற குறிப்பையோ லத்தீனில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் 2011 முடிய இருந்தது, 2012 ஜனவரியிலிருந்து ஆங்கிலமும் செல்லும், அச்சில் வராத மின்னிதழும் செல்லும். படம் வரைவது கட்டாயமில்லை என்றாலும் நல்ல கோட்டோவியம் இல்லாத கட்டுரையை யாரும் மதிக்க மாட்டார்கள். அழியும் நிலையில் உள்ளதா என்ற மதிப்பீட்டையும் இப்போது சேர்த்தே போடுகிறார்கள். இடத்தைச் சில சமயம் வேண்டுமென்றே மறைப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 1994இல் டேவிட் நோபல் பள்ளத்தாக்கில் இறங்கிக் கண்ட வொல்லமை பைன் காட்டில் நூறு முதிர்ந்த மரம்கூட இல்லை, அது இருக்கும் இடம் இன்றுவரை ரகசியம்தான். அதன் அறிவியல் பெயரின் இரண்டாவது பாதி நோபிலிஸ், அவர் பெயரை வைத்து மற்றவர்கள் கொடுத்தது.

உங்களிடம் உண்மையிலேயே அப்படி ஒரு மரம் இருந்தால்: காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் கிளையை ஒடிக்காதீர்கள், வனத்துறையிடம் மாட்டினால் வழக்குதான். முழு மரம், பட்டை, இலையின் முன்பக்கம் பின்பக்கம், காம்பு, பூ, காய் எல்லாவற்றையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். தேதியும் உயரமும் குறித்துக்கொள்ளுங்கள். பூவின் நிறத்தை அங்கேயே எழுதுங்கள், காய்ந்தால் எல்லாம் பழுப்பாகிவிடும். பிறகு அருகில் உள்ள ஹெர்பேரியத்துக்கு எழுதுங்கள். அது கன்றாக இருந்தால், பக்கத்தில் பெரிய மரம் ஏதாவது நிற்கிறதா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள், நான் பார்க்கவில்லை.