மேலாளரின் மறதியும் சிரிக்காத ஒருவரும்

அன்புள்ள ஐயா,

கூட்டுறவு வங்கிக் கிளை ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். என்னுடன் 11 பேர் பணியாற்றுகிறார்கள். தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளும் அதிகாரியைத்தான் ஊழியர்கள் நம்புவார்கள் என்று சென்ற ஆண்டு ஒரு பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் திங்கட்கிழமைக் கூட்டங்களில் அதைச் செய்யத் தொடங்கினேன். நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியை மேசையெல்லாம் தேடியது, ‘இழு’ என்று எழுதியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு நின்றது என்று சொல்லச் சொல்ல, என் அறைக்கு வரத் தயங்கியவர்கள்கூட உள்ளே வந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள்.

சென்ற மாதம் எழுத்தர் ஒருவரின் பணியிட மாறுதல் விண்ணப்பத்தைப் பரிந்துரையோடு தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப மறந்துவிட்டேன். கடைசி நாள் கடந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில், “மறதிக்கு ஒரு விருது வைத்தால் எனக்குத்தான் கிடைக்கும், அதை வாங்கப் போகவும் மறந்துவிடுவேன்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. அன்றிலிருந்து மற்றவர்களின் சிரிப்பும் ஒரு மாதிரியாகிவிட்டது. எங்கே தவறினேன்? இன்னொரு கிளையில் மேலாளராக இருக்கும் தோழி, “நீங்கள் செய்தால் அது எளிமை, நான் செய்தால் தகுதியின்மை” என்று சொல்லி இதன் பக்கமே வர மறுக்கிறார். அவர் சொல்வது சரியா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கண்ணாடியைத் தேடியபோது வீணானது உங்கள் நேரம். விண்ணப்பம் உங்கள் மேசையில் கிடந்தபோது வீணானது அந்த எழுத்தரின் வாய்ப்பு. இரண்டையும் ஒரே குரலில் சொன்னீர்கள். சிரிக்காத அந்த ஒருவருக்கு அது உடனே உறைத்துவிட்டது. மற்ற பத்துப் பேரும், நாளை நம் விண்ணப்பமும் இப்படித்தான் ஒரு வேடிக்கையாக முடியுமோ என்று வீட்டுக்குப் போகும் வழியில் நினைத்திருப்பார்கள்.

சுய எள்ளலில் காந்தியைவிடத் தேர்ந்த தலைவரை நான் அறியேன். 1924-இல் பெல்காம் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர், அடுத்த ஆண்டே ‘நவஜீவன்’ இதழில் தன் வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கினார். லண்டனில் ஆங்கிலக் கனவானாக மாற ஆசைப்பட்டு 19 ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி வாங்கியதையும், பாண்ட் தெருவில் 10 பவுன் செலவழித்து மாலை உடை தைத்துக்கொண்டதையும், தினமும் பத்து நிமிடம் பெரிய நிலைக்கண்ணாடியின் முன் நின்று டை கட்டி வகிடு எடுத்ததையும் அதில் எழுதுகிறார். நடனம் கற்கப் போனார், பியானோவின் தாளம் பிடிபடவில்லை. காதைப் பழக்கலாம் என்று வயலின் வாங்கினார். எலியை விரட்டப் பூனை, பூனையின் பாலுக்குப் பசு, பசுவை மேய்க்க ஆள் என்று போகும் சாமியார் கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம்; அவரும் அந்தக் கதையைத்தான் தனக்குப் பொருத்திக் காட்டுகிறார்.

அதே தொடரில் பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் அவர் நடத்தப் போன முதல் வழக்கும் வருகிறது. கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது, நீதிமன்றமே சேர்ந்து சுற்றுவதுபோல் இருந்தது, ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. நீதிபதி சிரித்திருப்பார், வக்கீல்களுக்கு நல்ல வேடிக்கையாக இருந்திருக்கும் என்று அவரே எழுதுகிறார். நாமும் சிரித்துக்கொண்டே அந்த இடத்தைக் கடந்துவிடுகிறோம். ஆனால் உட்கார்ந்தவுடன் அவர் செய்ததைக் கவனியுங்கள். தன்னால் இயலாது, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று முகவரிடம் சொல்லிவிட்டார். 51 ரூபாய்க்கு இன்னொருவர் வந்தார். அவருக்கு அந்த வழக்கு சிறுபிள்ளை விளையாட்டு. பணத்தை அன்றே திருப்பிவிட்டதனால்தான், முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அதை வேடிக்கையாகச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது என்பது என் எண்ணம்.

1919 ஏப்ரலுக்கு வரும்போது அதே மனிதரின் குரல் மாறிவிடுகிறது. ரௌலட் சட்டத்தை எதிர்த்த கிளர்ச்சியில் அகமதாபாத்திலும் விரம்காமிலும் வன்முறை மூண்டு உயிர்கள் போயின. மக்கள் பக்குவப்படும் முன்பே அவர்களைச் சட்டமறுப்புக்கு அழைத்தது தன் பிழை என்று நடியாத்தில் சொன்னார். ‘இமாலயத் தவறு’ என்ற சொல் அங்கே பிறந்ததுதான். மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார், சத்தியாகிரகத்தை நிறுத்தினார். அந்தச் சொல்லுக்காகப் பிறர் அவரைக் கேலி செய்தார்கள். தொப்பிக்காகத் தன்னை அவ்வளவு கிண்டல் செய்துகொண்டவர், இங்கே தன் பங்குக்கு ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று 2004 மார்ச்சில் வாஷிங்டனில் நடந்தது. பத்திரிகையாளர் விருந்து ஒன்றில் அதிபர் புஷ், தன் அலுவலக மேசைக்கு அடியில் குனிந்து தேடுவதுபோன்ற படங்களைத் திரையில் காட்டி, இராக்கின் பேரழிவு ஆயுதங்கள் இங்கேதான் எங்கோ இருக்க வேண்டும் என்று நகைச்சுவை செய்தார். கிண்டல் செய்துகொண்டது தன்னைத்தான்; அரங்கமும் சிரித்தது. ஆனால் அந்த ஆயுதங்களைக் காரணம் காட்டித் தொடங்கிய போரில் அதற்குள் 500-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் இறந்திருந்தார்கள். இராக்கியர்களின் இழப்பு அதைவிட எத்தனையோ மடங்கு. இறந்த வீரர்களின் குடும்பங்களில் சிலர் கொதித்துப் பேசியபோது வெள்ளை மாளிகையிடம் நல்ல பதில் இல்லை. உங்கள் விண்ணப்பம் இத்தனை பெரிய விஷயம் இல்லை என்றாலும், இழந்தவருக்கு முன்னால் இழக்க வைத்தவர் சிரிப்பு மூட்டுவது என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான்.

இனி உங்கள் தோழி. அவர் சொல்வது பெரும்பாலும் சரி. 1966-இல் எலியட் அரான்சன் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் மாணவர்களுக்குச் சில ஒலிப்பதிவுகளைக் கேட்கக் கொடுத்தார்கள். வினாடி வினாப் போட்டிக்குத் தேர்வாக வந்த ஒருவர் 92 விழுக்காடு கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டுக் காபியைத் தன் புதிய உடையில் கொட்டிக்கொண்டபோது, கேட்டவர்களுக்கு அவரை முன்னைவிடப் பிடித்துப்போயிற்று. 30 விழுக்காடு மட்டும் சொன்னவர் கொட்டிக்கொண்டபோது மதிப்பு குறைந்தது. காபி ஒன்றுதான். பெண் மேலாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்கு 30 மதிப்பெண் போட்டு வைத்திருக்கும் அலுவலகங்களை நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம். அங்கே அவர் எதற்குக் காபியைக் கொட்டிக்கொள்ள வேண்டும்? நிறத்துக்காகவும் சாதிக்காகவும் ஆங்கில உச்சரிப்புக்காகவும் பிறர் ஏற்கெனவே கேலி செய்துகொண்டிருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

நம் மரபின் அவையடக்கத்திலும் சுய எள்ளல் உண்டு. பாற்கடலை முழுவதும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று கம்பன் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். சொன்னதோடு நிற்காமல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடியும் காட்டினான். உங்கள் பயிற்சியாளர் அந்தப் பூனையை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த எழுத்தரைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. சிரிப்பு எழுந்தது கூட்டத்தில். முதலில் தலைமை அலுவலகத்துக்கு, தாமதம் உங்களுடையது, விண்ணப்பித்தவருடையது அல்ல என்று எழுத்தில் தெரிவித்து, இப்போதாவது ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். பிறகு அடுத்த திங்கட்கிழமை, விண்ணப்பம் எந்தத் தேதியில் உங்கள் மேசைக்கு வந்தது, எந்தத் தேதிக்குள் போயிருக்க வேண்டும், இப்போது என்ன செய்திருக்கிறீர்கள் என்பதை எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள். அன்றைய கூட்டம் சிரிப்பில்லாமலே முடியட்டும்.