நிலவேம்பு எக்ஸ்ட்ராக்டுக்கு சாக்ஸ்லெட்டா, ஊறப்போடுவதா?

கேள்வி: சென்னையில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நிலவேம்பு இலையிலிருந்து எக்ஸ்ட்ராக்ட் (சாரம்) எடுப்பது ப்ராஜெக்ட். சீனியர்கள் எல்லாரும் "சாக்ஸ்லெட் போடு" என்கிறார்கள். கைடு "நீயே முடிவு பண்ணு" என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

சாக்ஸ்லெட் என்பது கரைப்பானைக் கொதிக்கவைத்து, அதையே திரும்பத் திரும்பப் பொடி மேல் விட்டுச் சாரம் இறக்கும் கருவி. சீனியர்கள் அதைப் போடச் சொல்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், லேபில் அது இருக்கிறது என்பதுதான். 1879இல் ஃபிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் அந்தக் கருவியைச் செய்தது பாலில் உள்ள கொழுப்பை அளக்க. கொழுப்பு மணிக்கணக்கில் கொதித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. செடியில் இருக்கும் எல்லாச் சேர்மத்தையும் அப்படி நம்ப முடியாது.

திம்பிள் என்ற உறையில் உள்ள பொடி மேல், ஆவியைக் குளிர்விக்கும் கண்டன்சரிலிருந்து கரைப்பான் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது, அதனால் சூடு அதிகம் படாது என்று நினைக்கிறோம். ஆனால் சைஃபன் குழாய் வழியாகக் கீழே இறங்கிய சாரமெல்லாம் குடுவையிலேயே கடைசிவரை கொதித்துக்கொண்டிருக்கிறது. முதல் சுற்றில் இறங்கியதுதான் அதிகம் வேகும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உங்களுக்கு என்ன சேர்மம் வேண்டும் என்பது. நிலவேம்பில் முக்கியமானது அதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு. அது ஆவியாகி வராது, எனவே வாலையில் வடிக்கும் பேச்சே இல்லை. தண்ணீரில் சரியாகக் கரையாது, மெத்தனாலிலும் எத்தனாலிலும் நன்றாகக் கரையும். பாதி முடிவு இங்கேயே வந்துவிட்டது. இதே கேள்வியை வெட்டிவேருக்குக் கேட்டிருந்தால் ஆவியில் வடிக்கத்தான் சொல்லியிருப்பேன். மல்லிகைக்கு அதுவும் ஆகாது, சூட்டில் மணம் கெட்டுவிடும். அதனால்தான் நம் ஊர் ஆலைகளில் மல்லியை ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் எடுத்து 'கான்கிரீட்' என்ற மணமுள்ள மெழுகாக ஆக்குகிறார்கள்.

அடுத்தது, எக்ஸ்ட்ராக்டை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? ப்ராஜெக்ட் தலைப்பில் 'நிலவேம்புக் குடிநீர்' என்று இருந்தால் மேலே சொன்ன கணக்கு செல்லாது. குடிநீரில் நிலவேம்போடு சேர்த்து ஒன்பது சரக்குகள். மக்கள் அதைத் தண்ணீரில் சுண்டக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். நீங்களும் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும். மெத்தனாலில் எடுத்துவிட்டுக் குடிநீரைப் பற்றி முடிவு எழுதினால், வைவாவில் முதல் கேள்வியே அதுதான்.

சூடு எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து நல்ல உதாரணம். அது இருக்கும் செடியைச் சூடாக்கி எடுத்தபோது பலன் நிலையாக வரவில்லை. 1971இல் சீன விஞ்ஞானி து யூயூ குறைந்த கொதிநிலை கொண்ட ஈதருக்கு மாறிய பிறகுதான் சரியாக வந்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்த ஈதரை மே மாதச் சென்னையில் எடுத்துப் பாருங்கள். கொதிநிலை 34.6 டிகிரி. மொட்டைமாடி டேங்கிலிருந்து மதியம் குழாயில் வரும் தண்ணீரில் கை வைக்கவே முடியாது, அது கண்டன்சரை எங்கே குளிர்விக்கும்? ஆவி மேலேயே போய்விடும், லேப் முழுக்க வாடை, குடுவையில் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் தீப்பொறி இருந்தால் சொல்லவே வேண்டாம். ஹெக்ஸேனுக்குக் கொதிநிலை 69, எத்தனாலுக்கு 78 என்பதால் அவை பரவாயில்லை. எதுவானாலும் ஒரு பக்கெட்டில் ஐஸ் போட்டு, ஏர்கூலரில் வைக்கும் சின்ன மோட்டாரால் தண்ணீரைச் சுற்றவிடுங்கள். ஐஸ் மீன் கடையில் கிடைக்கும். 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்த ஊரில் குழாயை மணிக்கணக்கில் திறந்துவிடுவதும் நியாயமில்லை. இரவில் ஓடவிட்டு வீட்டுக்குப் போகவே போகாதீர்கள்.

ஒலி அதிர்வால் சாரத்தை இறக்கும் அல்ட்ராசவுண்ட் பாத் இருந்தால் நேரம் மிச்சம், ஆனால் தண்ணீர் தானாகச் சூடாகும், அங்கேயும் ஐஸ்தான். வீட்டு மைக்ரோவேவில் கரைப்பானை வைக்கும் யோசனை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அழுத்தத்தில் கரைப்பானாக வேலை செய்யும் சூப்பர்கிரிட்டிகல் கார்பன் டை ஆக்சைடு கேட்க நன்றாக இருக்கும். 31 டிகிரி, சுமார் 74 பார் அழுத்தத்துக்கு மேல் வேலை செய்யும் இயந்திரம் அது. உங்கள் ப்ராஜெக்டுக்கு அதன் தேவையே இல்லை.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். நிழலில் காயவைத்த இலை. ஐப்பசி, கார்த்திகை என்றால் பூஞ்சை வரும், எனவே ஃபேனுக்குக் கீழே. கொரகொரப்பாக அரைக்க வேண்டும். மாவாக அரைத்தால், டிகாக்‌ஷன் இறங்காத காபி ஃபில்டர் மாதிரி வடிதாளில் அடைத்துக்கொண்டு நிற்கும். முதலில் ஹெக்ஸேனில் ஒரு முறை ஊறவைத்து மெழுகையும் கொழுப்பையும் கழித்துவிடுவேன், பச்சையத்திலும் கொஞ்சம் போகும். அப்புறம் ஒன்றுக்குப் பத்து என்று எத்தனால் ஊற்றி மூன்று நாள், அவ்வப்போது குலுக்கி. வடித்து, ரோட்டரியில் (குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவைப்பேன்.

'எவ்வளவு கிராம் வந்தது' என்பதை வைத்து முறையை எடைபோடாதீர்கள். பச்சையமும் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தாலும் எடை கூடத்தான் செய்யும். சாக்ஸ்லெட்டில் கொஞ்சம், ஊறவைத்ததில் கொஞ்சம் எடுத்து, ஆண்ட்ரோகிராஃபோலைடு ஸ்டாண்டர்டோடு (தூய மாதிரி), சேர்மங்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் ஒரே டி.எல்.சி. தட்டில் ஓட்டிப் பாருங்கள். எதில் புள்ளி தெளிவாக வருகிறதோ அதை, சேர்மத்தின் அளவைத் துல்லியமாகச் சொல்லும் எச்.பி.எல்.சி.க்குக் கொடுங்கள். கைடிடம் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. கசக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்க ஆசை வரும். ஸ்டாண்டர்டு இருக்கும்போது அது வேண்டாம், அதுவும் மெத்தனாலில் எடுத்ததை வாயருகே கொண்டுபோகவே கூடாது.

செல் (உயிரணு) டெஸ்ட் செய்வதாக இருந்தால் கரைப்பான் சுத்தமாகப் போகும்வரை வற்றவையுங்கள். செல் செத்தது இலையாலா கரைப்பானாலா என்று கேட்டால் பதில் வேண்டுமே. எத்தனாலுக்கு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி தேவை. கல்லூரிப் பெயரில் இருக்கிறதா என்று ஸ்டோர்ஸில் இன்றே விசாரியுங்கள். இல்லையென்றால் எத்தில் அசிடேட் என்ற கரைப்பானிலும் ஒரு சின்ன டெஸ்ட் போட்டுப் பாருங்கள்.