‘ஃபேட் லியனார்ட்’ கடற்படை ஊழல்: கேள்வி பதில்

ரேவதி: யார் இந்த ‘ஃபேட் லியனார்ட்’? ஆயுத வியாபாரியா?

இல்லை. லியனார்ட் க்ளென் ஃபிரான்சிஸ், அமெரிக்கக் கடற்படை அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்து மாட்டிய மலேசியர். ‘ஃபேட் லியனார்ட்’ அவருடைய பட்டப்பெயர். சிங்கப்பூரில் இருந்த அவருடைய கம்பெனிதான், ஆசியத் துறைமுகங்களுக்கு வரும் அமெரிக்க ஏழாவது கடற்படைப் பிரிவின் கப்பல்களுக்கு இழுவைப் படகு, குடிநீர், எரிபொருள், கழிவுநீர் அகற்றுதல் எல்லாவற்றையும் காண்ட்ராக்ட் எடுத்திருந்தது. போர் விமானம் வாங்கினால் நாடாளுமன்றம் வரை கேள்வி வரும். கழிவுநீர் பில்லை அப்படி யாரும் துருவிப் பார்ப்பதில்லை.

செந்தில்: லஞ்சம் கொடுத்து அவர் என்ன சம்பாதித்தார்?

முதலில் விருந்து, நட்சத்திர ஹோட்டல் அறை, விமான டிக்கெட். அப்புறம் பணம், பாலியல் தொழிலாளிகள். பதிலுக்கு அதிகாரிகள் ரகசியமான கப்பல் பயண அட்டவணைகளைக் கொடுத்தார்கள். அவருக்கு லாபம் தரும், மலேசியாவின் போர்ட் கிள்ளான் போன்ற துறைமுகங்களுக்குக் கப்பலையே திருப்பிவிட்டார்கள். வேறு கம்பெனிகள் கேட்ட விலை என்று போலி கொட்டேஷன்களும் தயாராயின. கூடுதலாகக் கறந்த தொகை, அவரே ஒப்புக்கொண்டபடி, 3.5 கோடி டாலர். எனக்கு அந்தப் பணத்தைவிட அட்டவணையை விற்றதுதான் பொறுக்கவில்லை. ஒரு போர்க்கப்பல் எந்த நாளில் எங்கே நிற்கும் என்பது அதில் இருக்கும் மாலுமிகளின் உயிர் சம்பந்தப்பட்டது.

ஃபாத்திமா: யாருமே புகார் கொடுக்கவில்லையா?

கொடுத்தார்கள். கடற்படையின் புலனாய்வுத் துறையான என்சிஐஎஸ் விசாரிக்கவும் செய்தது. ஆனால் அங்கேயே ஜான் பெலிவோ என்ற அதிகாரி, விசாரணை அறிக்கைகளை ஃபிரான்சிஸுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். 2016இல் பெலிவோவுக்கு 12 ஆண்டு சிறை கிடைத்தது. கசிவு இருப்பதைப் புரிந்துகொண்ட மற்ற புலனாய்வாளர்கள், விசாரணை முடிந்துவிட்டது என்று பொய்க் குறிப்பைக் கோப்பில் சேர்த்தார்கள். ஃபிரான்சிஸ் 2013 செப்டம்பரில் தைரியமாக சான் டியேகோ வந்தார். அங்கேயே கைது.

ஜோசப்: பெரிய தலைகள் தப்பித்துவிட்டார்களாமே?

ஓரளவு உண்மைதான். ராபர்ட் கில்போ என்ற ரியர் அட்மிரலுக்கு (கடற்படையின் உயர் பதவிகளில் ஒன்று), விசாரணையில் பொய் சொன்னதற்காக 2017இல் 18 மாதச் சிறை. ஆனால் 2023இல், அரசு வழக்கறிஞர்கள் செய்த முறைகேடு காரணமாகச் சில அதிகாரிகளின் கடுங்குற்றத் தீர்ப்புகள் நீக்கப்பட்டு, சிறு குற்றங்களாகக் குறைந்தன. இவ்வளவு உழைத்துப் பிடித்த வழக்கு இப்படிப் போனது கொடுமை.

மீனா: ஃபிரான்சிஸ் இப்போது?

2022இல் வீட்டுக்காவலில் இருந்தபோது காலில் மாட்டிய கண்காணிப்புக் கருவியை வெட்டிவிட்டு ஓடி, வெனிசுவேலாவில் பிடிபட்டார். கைதிகள் பரிமாற்றத்தில் 2023 டிசம்பரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2024 நவம்பரில் 15 ஆண்டு சிறை விதித்ததோடு, கடற்படைக்கு 2 கோடி டாலர் திருப்பித் தரவும் உத்தரவிட்டார்கள்.